பூவோடு மடக்கி உழுத காணி

"மில்லுல இருபது வருசம் ஒழச்ச காச யாராவது சேத்துல போடுவாங்களாடி? இன்னா பைத்தியமா உனுக்கு?" என்று மதலேனாளின் அண்ணன் பவுல்ராஜ் ஒருமுறை கேட்டார். பாகூர் ஏரிப் பாசனத்தில் அவள் ஒரு காணி நிலம் வாங்கிய வருஷம் அது. யூரியா போடமாட்டேன் என்றதற்காகப் பழைய நிலக்காரர் விரட்டிய இன்னாசிமுத்துவுக்கு அவள் அதைக் குத்தகைக்கு விட்டாள்.

அவர் உரத்துக்குப் பதிலாக முதலில் தக்கைப்பூண்டு விதைத்தார். அது இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூத்ததும் சேற்றோடு மடக்கி உழுதார். "வளத்தவனே மெதிக்கிறான் பாரு" என்று வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். பூண்டு மக்கியதும் அதன் மேல் சம்பா நெல் நட்டார்.

"இந்தச் சம்பா தேறலன்னா நெலத்த வித்துரணும்" என்று அண்ணன் கெடு வைத்தார். மதலேனாள் தலையாட்டினாள்.

கதிர் முற்றிய நேரத்தில் புயல் அடித்தது. மழை விட்டதும் அண்ணன் நிலம் வாங்கும் ஆளோடு வந்து நின்றார். சுற்றிலும் யூரியாவில் கொழுத்த பயிரெல்லாம் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. மதலேனாளின் வயல் மட்டும், கதிர் தாழ்ந்து, தாள் நிமிர்ந்து நின்றது.

வந்தவர் குனிந்து ஒரு தூரை அசைத்துப் பார்த்தார். "இதப் போயி விக்கிறேன்னியே பவுல்ராசு! எனக்கு வெத நெல்லு குடும்மா, அது போதும்."

"இன்னாசிமுத்தண்ணனக் கேளுங்க. வெள்ளாம அவுரோடது" என்றாள் மதலேனாள். "நெலந்தான் என்னுது."

பவுல்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து போனார்.