கண்ணீர் விழுந்தால்தான் கதவு

இந்த இரண்டு கண்களின் மேல் சத்தியம் செய்து சொல்கிறேன்: இதில் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எல்லாம் அந்த வருடம் டிவியில் ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன். பொய்யென்று தெரிந்தால் என் கண் அவிந்து போகட்டும். போன மாதம் மாற்றிய புதுக் கண்ணாடியும் கூடவே போகட்டும்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், ஒருவர் உயில் கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் முதலில் ஸ்பானரைத் தொடமாட்டாள். கதவு இடுக்கில் வாயை வைத்து, "உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஜன்னல்?" என்று கேட்பாள். அழுகிறவர் திகைத்துப் போய் எண்ணத் தொடங்குவார். ஜன்னலை எண்ணிக்கொண்டே ஒருவரால் அழ முடியாது. இது அவள் பன்னிரண்டு வருடத் தொழிலில் கண்டுபிடித்தது. உயில் சொன்னவர் ஆறு ஜன்னல் என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியே நின்றார்.

இப்படி அடுத்தவர் அழுகையை நிறுத்திக்கொண்டிருந்தவளுக்கு அவள் குடியிருந்த கட்டடம் வைத்திருந்த பெயர் அழுகாச்சி.

காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்காரனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பதினோராம் நாள் அவன் போன் பண்ணி வேண்டாம் என்றான். அப்போது அவள் தன் கட்டடத்து லிஃப்டுக்குள் இருந்தாள். ஏழாவது மாடி வருவதற்குள் அழுது முடிக்க முடியவில்லை என்பதால் மறுபடி கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். இப்படி நாலு தடவை. லிஃப்டுக்குள் கேமரா இருக்கிறது, அதன் திரை வாட்ச்மேன் மேஜையில் இருக்கிறது என்பது ஊரில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும், மாட்டியதே அவள்தான். அந்த நேரத்தில் மறந்துபோனது. வாட்ச்மேன் பரிதாபப்பட்டு மனைவியைக் கூப்பிட்டான். அவள் பரிதாபப்பட்டு கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். லிஃப்ட் கடைசியாகக் கீழே வந்து கதவு திறந்தபோது ஒன்பது பேர் பரிதாபப்பட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து, "அழுகாச்சி வந்துட்டா, இனி லிஃப்ட் ஓடும்" என்பதுதான் அவளுக்கு வரவேற்பு.

அந்த நேரத்தில்தான் டிவியில் அந்தப் போட்டி அறிவித்தார்கள். ஒரு வீடு, ஒரு மாப்பிள்ளை, பன்னிரண்டு பெண்கள். வாரம் ஒருத்தியை மாப்பிள்ளை வேண்டாம் என்பார். கடைசியில் நிற்பவளைக் கட்டிக்கொள்வார். அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏண்டி, மாப்பிள்ளை வேணும்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எனக்கு மாப்பிள்ளை வேண்டாம்மா. ஒருத்தன் கேமரா முன்னாடி என்னை வேண்டாம்னு சொல்லணும். நான் ஒரு சொட்டு விடாம நிக்கணும். அதை நம்ம கட்டடமே பாக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு மூணு மாசமா? வாஷிங் மெஷினை யாரு பாக்குறது?"

"முதல் வாரமே வேண்டாம்னு சொல்லிடுவான், பயப்படாத."

சொன்னபடியே நடந்தது. மாப்பிள்ளை குளியலறைத் தொட்டிகள் செய்யும் கம்பெனியின் ஒரே வாரிசு. உயரம், நல்ல பல், எழுதிக் கொடுத்ததைத் தப்பில்லாமல் சொல்லும் குரல். ஏழாம் நாள், பன்னிரண்டு பெண்களும் பன்னிரண்டு வட்ட விளக்குகளின் கீழ் நிற்க, அவர் லிஃப்ட்காரியைப் பார்த்து, "உங்க பயணம் இங்க முடியுது" என்றார்.

"சரிங்க, வரேன்" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள்.

கதவு திறக்கவில்லை.

இங்கேதான் அந்த நிகழ்ச்சியின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை நடத்தப் பணம் கொடுத்தது முகம் துடைக்கும் காகிதம் செய்கிற கம்பெனி. வெளியேறும் பெண் அழ வேண்டும், மாப்பிள்ளை அந்தக் காகிதத்தால் துடைக்க வேண்டும், காகிதப் பெட்டி கேமராவில் ஒன்பது விநாடி தெரிய வேண்டும். ஒப்பந்தத்தில், 'கண்ணீர் விழுந்த பிறகே கதவு திறக்கப்படும்' என்றே எழுதிவிட்டார்கள். கிளிசரின் விட்டு ஏமாற்றிவிடக் கூடாதென்று கம்பெனி தன் ஆள் ஒருவரையும் அனுப்பியிருந்தது. அவர் கண்ணீர்ப் பரிசோதகர். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தால் வெங்காயமா வேதனையா என்று சொல்லிவிடுவார். கதவுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பெண்ணை வேண்டாம் என்றால் அழாமல் இருப்பாள் என்பது ஒப்பந்தம் எழுதிய இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டைரக்டர் ஓடி வந்தார். "ஏம்மா, கொஞ்சம் அழுங்களேன்."

"எதுக்கு சார்?"

"அவரு உங்களை வேண்டாம்னுட்டாரே!"

"வேண்டாம்னது அவரு. நஷ்டப்பட்டது அவரு. அவரை அழச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு அது எழுதிக் கொடுக்கப்படாததால் அவர் சும்மா நின்றார். அவளும் பையை வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

அடுத்த வாரம் நீச்சல் சொல்லித்தரும் பெண்ணின் முறை. 'உங்க பயணம்' என்றதுமே அவள் உதடு நடுங்கியது. பரிசோதகர் சுண்டுவிரலைத் துடைத்துக்கொண்டு தயாரானார். லிஃப்ட்காரிக்குத் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"இந்தா, இங்க பாரு. உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?"

"என்னக்கா?"

"ஜன்னல், ஜன்னல். எண்ணிச் சொல்லு."

"ஹால்ல ரெண்டு... ரூம்ல ஒண்ணு... பாத்ரூம்ல மேல சின்னதா ஒரு ஓட்டை இருக்கு, அது சேத்தியா?"

"கம்பி இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சேத்தி."

"அப்போ நாலு" என்று சொல்லிவிட்டு நீச்சல்காரி கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பரிசோதகர் விரலை மடக்கிக்கொண்டார். அவளுக்கும் கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தியும் அழவில்லை. வாராவாரம் மாப்பிள்ளை வேண்டாம் என்பார், வாராவாரம் ஜன்னல் எண்ணுவார்கள். பன்னிரண்டாம் வாரம் மிச்சமிருந்தது அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்த பல் டாக்டர் மட்டும்தான். அட்டவணையில் அந்த வாரமும் ஒருத்தியை அனுப்ப வேண்டும் என்று இருந்ததால் அவளையும் வேண்டாம் என்றார். அவள் பதினேழு ஜன்னல் என்றாள், வசதியான வீடு. பதின்மூன்றாம் வாரம் வேறு வழியில்லாமல் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

வெங்காய மூட்டை இறக்கினார்கள். பரிசோதகர் நக்கிப் பார்த்து, "வெங்காயம், அதுவும் பழசு" என்று திருப்பி அனுப்பினார். மூன்று வயலின்காரர்களைக் கொண்டுவந்து நாள் முழுக்க இழைக்க விட்டார்கள். மூன்றாமவர் தாங்க முடியாமல் அழுதார்; இசைக்காரர் கண்ணீர் கணக்கில் வராது என்று பரிசோதகர் சொல்லிவிட்டதால், அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லிஃப்ட்காரியின் அம்மாவை வீடியோ போனில் பேச வைத்தார்கள். அம்மா உருகுவாள் என்று டைரக்டர் நினைத்திருந்தார்.

"ஏண்டி, எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, தலையச் சீவ மாட்டியா? அந்த மெஷின் பைப்பை எங்கடி வச்ச?"

"கட்டிலுக்கு அடியிலம்மா."

"சரி, அழுது கிழுது வந்த, வீட்டுக் கதவும் திறக்காது. வச்சிடுறேன்."

வெளியே ஊரும் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளைகள் ஜன்னல் எண்ணின. கோர்ட்டில் சாட்சிகள் எண்ணினார்கள். முகம் துடைக்கும் காகிதம் வாங்க ஆளில்லை. கம்பெனிக் கிடங்கு நிரம்பி, பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி வரை அடுக்கினார்கள். நிகழ்ச்சி டைரக்டரைக் கம்பெனி நாளுக்கு எட்டு தடவை கூப்பிட்டுத் திட்டியது. மாப்பிள்ளைக்குத் தொந்தி விழுந்து கோட்டு பித்தான் போட வரவில்லை.

ஒரு நாள் பல் டாக்டர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீங்க நினைச்சா இந்தக் கதவை நீங்களே திறக்கலாம்ல?"

"ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன? திறந்துட்டுப் போயிடலாமே."

"திருடி மாதிரி நழுவிப் போறதுக்கா வந்தேன்? பூட்டினவங்க அவங்க. திறந்து, வழிவிட்டு நிக்கணும்."

இருநூற்று ஐம்பத்தொன்பதாம் நாள். லிஃப்ட்காரியை மாப்பிள்ளை நாலாம் தடவையாக வேண்டாம் என்று சொல்லும் முறை. அன்று டைரக்டர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. ஹாலில் பெரிய திரை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் ஒரு லிஃப்ட். உள்ளே ஒரு பெண், காதில் போனுடன். அவளேதான். அந்தக் கேமராப் பதிவை வாட்ச்மேனிடம் போய் வாங்கி வந்திருக்கிறார்கள்.

ஏழு மாடி ஏறி அழுதாள், ஏழு மாடி இறங்கி அழுதாள். நீச்சல்காரி அவள் கையைப் பிடித்தாள். லிஃப்ட்காரி கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டாள். ஒன்பது பேர் பார்த்ததை இப்போது ஊரே பார்க்கிறது. ஒரு சொட்டு விழுந்தால் போதும், சாகும்வரை அதே பெயர்தான். ஹாலில் ரெண்டு, என்று மனதுக்குள் எண்ணினாள். சமையலறையில் ஒண்ணு. அம்மா ரூமில்... அம்மா ரூமில் ஒன்றா இரண்டா என்று வரவே மாட்டேன் என்றது. பரிசோதகர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

அவள் எழுந்து திரைக்கு நேரே போனாள். அழுகிற தன் முகத்தை மூக்கு உரச நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க சார். ம், நிறுத்துங்க. பாத்தீங்களா? மூணாவது மாடி தாண்டும்போது லிஃப்ட் லேசா குலுங்குது. ரெயிலுக்கு எண்ணெய் போடணும். அன்னைக்கு அழுததுல இதை விட்டுட்டேன் பாருங்க."

ஹால் முழுக்கச் சிரிப்பு. டைரக்டர் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நீ மனுஷிதானா? இருநூத்தம்பத்தொம்போது நாளும்மா. உன்னால நானும் இங்கயே கிடக்குறேன். ஒரே ஒரு சொட்டும்மா..." அவர் குரல் உடைந்தது.

அவளுக்குப் பாவமாக இருந்தது. பழக்க தோஷத்தில், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள். "சார், இங்க பாருங்க. உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?"

டைரக்டர் விரலை மடக்கினார். ஒன்று என்றார். இன்னொரு விரலை மடக்கப் போய் நிறுத்தினார். அவர் வீட்டுக்குப் போய் எத்தனையோ மாதமாகிவிட்டது.

"தெரியலையேம்மா" என்றார். "மறந்துபோச்சே!" என்று பச்சைப் பிள்ளைபோல் அழ ஆரம்பித்தார்.

பரிசோதகர் குனிந்தார். சுண்டுவிரலை டைரக்டர் கன்னத்தில் வைத்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். "அசல்" என்றார். "இந்த வருஷத்துல நான் பாத்ததுலயே சுத்தமான சரக்கு."

"அவரு போட்டியில இல்லையே?" என்றார் மாப்பிள்ளை. எழுதிக் கொடுக்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார்கள். கண்ணீர் விழ வேண்டும் என்று இருந்தது. அது யார் கண்ணீர் என்று எங்கேயும் இல்லை. வயலின்காரர் விஷயத்தில் தான் தப்புப் பண்ணிவிட்டதாகப் பரிசோதகர் ஒத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். திறந்து, வழிவிட்டு நின்றார்.

பன்னிரண்டு பெண்களும் வரிசையாக வெளியே நடந்தார்கள். லிஃப்ட்காரி கடைசி. போகிற வழியில் காகிதப் பெட்டியை எடுத்து டைரக்டர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"அப்போ நான்?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க பயணம் இங்க முடியுது" என்றாள் அவள்.

அன்று மாலை தன் கட்டடத்துக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்றான். 'அழு' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எங்க ரூம்ல ஜன்னல் ஒண்ணுதாம்மா" என்றான். தையல்காரம்மா லிஃப்ட் பித்தானை அமுக்கிக் கொடுத்தாள். அவள் உள்ளே போய்க் கேமராவுக்கு நேராக முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஏழு மாடியும் ஏறினாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் குலுங்கியது. அவள் குலுங்கவில்லை.

இருநூற்று ஐம்பத்தொன்பது நாளில் அந்த முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு டிவியில் படம் போய் அப்போதே ஐந்து வருடமாகியிருந்தது, சத்தம் மட்டும்தான் வரும்.