கூப்பிட்டால் வராத மாடுகள்

சுனாமிக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "கடவுள் உங்கள எதுக்கோ வெச்சிருக்கார், டீச்சர்." மற்றப் பாதிப் பேர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தே தலை நரைத்தவளிடம் வந்து இதைச் சொன்னால் எப்படி? என் கணவர் தங்கராசா வாவியை நீந்திக் கடக்கிற மனிதர். எனக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் காலை, மிஞ்சிய கேக்கைத் தின்ன வரும்படி கூப்பிட்டார்கள் என்று, தயிர்ச்சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் செட்டிபாளையத்துக் கடற்கரையில் இருந்த சிநேகிதர் யோசேப்பு வீட்டுக்குப் போனார். நான் தலையிடி என்று நாவற்குடாவில் எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அவர் இல்லை, நான் இருக்கிறேன். இதில் என் திறமை எங்கே இருக்கிறது?

கடல் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வு என்றால் ஏதோ ஒரு குணம் உள்ளது தப்ப வேண்டும், அந்தக் குணம் இல்லாதது போக வேண்டும், தப்பியதன் குணம் அதன் குட்டிகளுக்கும் இறங்க வேண்டும். அன்று தப்பியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அவர்கள் கரையில் நிற்கவில்லை. தலையிடியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஒரு இனத்தை வளர்த்தெடுக்க முடியாது. அதுவும் எங்களுக்குப் பிள்ளையே இல்லை. பரிணாமத்தை எங்கள் பாடப் புத்தகம் கூர்ப்பு என்னும். "கூர்ப்பின் கணக்கில் நானும் என் மனிசனும் பூச்சியம்" என்று வகுப்பில் பகிடியாகச் சொல்வேன், அவர் உயிரோடு இருந்த காலத்தில். பிறகு சொல்வதில்லை.

அவர் விட்டுவிட்டுப் போனது ஒரு மாட்டுப் பட்டி. வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கத்தை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே அவருடைய வட்டைக்கு, வயல்வெளிக்கு, அப்பால் காட்டோரத்தில் அவை மேய்ந்தன. தகப்பனிடமிருந்து வந்தபோது அவை பாதிக் காட்டு மாடுகள். அரை நாள் ஓடினால்தான் பட்டியில் சேர்க்கலாம். இவர் ஒரு வேலை செய்தார். மரமில்லாத வெட்டையில் நின்று கூப்பிடுவார். தொண்டைக்குள்ளே கிளம்பி மூக்கில் போய் முடிகிற ஒரு சத்தம், "ஹோ…வே" என்று. கூப்பிட்டதும் வருகிற பசுக்களின் கன்றுகளை வைத்துக்கொள்வார். நின்ற இடத்தில் நின்று முறைக்கிறவற்றை விற்றுவிடுவார். அவ்வளவுதான். வருடக்கணக்காக இதையே செய்தார். கடைசியில் அவர் ஒரு தரம் வாயைத் திறந்தால் முழுப் பட்டியும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து அவரை மணந்து பார்க்கும்.

இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்குமா? கரும்பலகையில் புறாவையும் நாயையும் வரைவதை விட்டுவிட்டேன். வயலும் மாடும் உள்ளவரைப் போடியார் என்போம், இவரையும் ஊர் அப்படித்தான் கூப்பிடும். "போடியார்ர மாடுகளப் பாருங்க புள்ளைகள். எல்லா மாடும் ஒரே குணமில்ல, அது மாறல். தாய்ர குணம் கண்டுக்குக் கொஞ்சம் இறங்கும், அது தலைமுறையுரிமை. எந்தக் கண்டு வளர வேணும் எண்டு போடியார் பொறுக்கிறார், அது செயற்கைத் தேர்வு. இப்ப போடியார எடுத்திட்டு அந்த இடத்தில வறட்சியையோ சிறுத்தையையோ வையுங்க. அவைக்கு எதுவும் தெரியாது, ஒரு திட்டமும் இல்ல. ஆனாலும் பொறுக்கும். அதுதான் இயற்கைத் தேர்வு." வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால் மீசையைத் தடவுவார். "அப்ப நானும் பாடத்தில வந்திட்டன் எண்டு சொல்லு."

அந்தப் பட்டியில் அடங்காத ஒருத்தி மட்டும் இருந்தாள். பெயர் கள்ளி. இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்து கன்னத்தைத் தொடும். கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மற்றப் பக்கம் நடப்பாள். கன்று போட்டால் பற்றைக்குள் ஒளித்து வைப்பாள். ஒவ்வொரு வருடமும் அவளை விற்கப்போவதாக இவர் சொல்வார். "உங்கட சொல்லுக் கேக்காத ஒண்டாவது இரிக்கட்டுமே" என்று நான் மறிப்பேன். கள்ளி தங்கிவிட்டாள். விற்கப் பிடிபடாமல் அவள் ஒளித்துக் காப்பாற்றிய கன்றுகளும் அதே வளைந்த கொம்போடு, அதே திமிரோடு வளர்ந்தன.

அவர் போன பிறகு மாடுகளை மூர்த்தி பார்த்தான். முழுப் பெயர் வினாயகமூர்த்தி. இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு எங்கள் பட்டியில் நிற்பவன், அவருடைய சத்தத்தை அச்சொட்டாகப் போடுவான்.  மாதம் ஒரு தரம் அதைக் கேட்பதற்கென்றே படுவான்கரைக்குப் போய் வந்தேன். அவர் என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த மாடுகளின் குணம் மட்டும்தான். பிள்ளை இல்லாத மனிதர் வேறு எதில் இருப்பார்?

இரண்டாயிரத்து ஏழில் சண்டை படுவான்கரைக்கு வந்தது. சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடி வந்தது. மூர்த்தி பட்டியைத் திறந்துவிட்டுவிட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு வந்து கூடாரத்தில் இருந்தான். மாடுகள் அங்கேயே நின்றன. துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் பசித்தது. யாருடைய துவக்கு என்று நான் கேட்கவில்லை. பசிக்குச் சீருடை இல்லை. மாட்டைப் பிடிக்கக் காடெல்லாம் அலைய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. மூர்த்தி வருடக்கணக்காகப் போட்ட சத்தத்தை அந்தக் காட்டில் கேட்டுப் பழகாதவர்கள் யார்? வெட்டையில் நின்று "ஹோ…வே" என்றால் போதும், சாப்பாடு நடந்து வரும்.

சனம் திரும்பிப் போய்க் குடியேறிய பிறகும் மேய்ச்சல் தரைப் பக்கம் போக விடவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று பட்டணத்தில் வெடி கொளுத்திச் சில கிழமைகள் கழித்து, மூர்த்தி நாவற்குடாவுக்கு வந்து வாசலில் நின்றான். "டீச்சர், நம்மட மாடு கொஞ்சம் நிக்கிதாம். காட்டோரத்தில கண்டவங்க சொன்னாங்க."

அன்றிலிருந்து நான் கூப்பிடப் பழகினேன். மூர்த்தி கூப்பிட்டு அவை வருவது எனக்குப் போதாது. அவருடைய சத்தம் என் வாயிலிருந்து வந்து, அதற்கு ஒரு மாடாவது திரும்ப வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் அவர் முழுதாகப் போகவில்லை என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "ஹோ…வே, ஹோ…வே" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டி, "டீச்சர், பெருங்காயம் கரைச்சுத் தரட்டா?" என்று கேட்டாள். வயிற்றுக் குத்து என்று நினைத்துவிட்டாள், பாவம்.

ஒரு சனிக்கிழமை, மண்முனைத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனேன். மூர்த்தி சைக்கிளோடு நின்றான். பட்டி இருந்த இடத்தில் கட்டைகள் கூட இல்லை. யாரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள். அதையும் தாண்டிக் காட்டோரம் வரை நடந்தோம்.

மாடுகள் நின்றன. தூரத்தில், மர நிழலில், பத்துப் பன்னிரண்டு இருக்கும்.  ஆனால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் இடது கொம்பு கீழே வளைந்திருந்தது. பெரியவை, நடுத்தரம், கொம்பு முளைக்கிற கன்றுகள், எல்லாம் கள்ளியின் வம்சம்.

"வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு மாடுகளுக்குப் பயம் ஊறிற்று, டீச்சர்" என்றான் மூர்த்தி. "அதான் கண்டுகளுக்கும் பயம்."

"அப்பிடியில்ல மூர்த்தி. தாய் பயந்ததால கண்டு பயந்து பிறக்காது. இதுகள் முதலே இப்பிடித்தான். வாறதெல்லாம் போயிற்று, வராதது நிக்கிது. வராததுதான் கண்டும் போட்டிருக்கு."

சொல்லும்போதே என் குரல் வகுப்புக் குரலாக மாறியதை உணர்ந்தேன். வசனம் சரி. ஒரு சொல்லைக் கூட மாற்றத் தேவையில்லை. என் மனிதர் ஆயுள் முழுக்கப் பொறுக்கி வைத்ததை இரண்டு வருடம் மற்றப் பக்கமாகப் பொறுக்கிவிட்டது. அவர் எதை நல்ல குணம் என்று வளர்த்தாரோ அதுவே அவற்றைக் கொன்றது. அன்று அந்த வெயிலில் எனக்கு உயிரியல் மேல் வெறுப்பு வந்தது, என் வாழ்க்கையில் முதல் தரம்.

மூர்த்தி கூப்பிட்டான். சத்தம் முடியுமுன் மாடுகள் காட்டுக்குள் பாய்ந்தன. கொடிகள் அசைந்தன, பிறகு அதுவும் நின்றது. "வாங்க, போவம்" என்றான். நான் அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கூப்பிடாமல் போவதா? வாயில் கையைக் குவித்து, குளியலறையில் பழகியபடி கூப்பிட்டேன். குரல் நடுவில் உடைந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

பற்றையை விலக்கிக்கொண்டு ஒரு சிவப்புப் பசு வந்தது. கொம்பு இரண்டும் நேராக, பின்னங்கால் ஒன்று நொண்ட, அவசரமில்லாமல் வந்தது.

"செவ்வந்தி!" என்று மூர்த்தி கத்தினான். "டீச்சர், நம்மட செவ்வந்தி!"

அவர் கூப்பிட்டதும் முதல் வரிசையில் வருகிற பசு அது, அப்போது நொண்டவில்லை. எப்படித் தப்பியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நொண்டி நொண்டி அது வந்து சேர முன்னமே மற்றவை போய்ச் சேர்ந்திருக்கும், கூப்பிட்டவர்களுக்கு வயிறும் நிரம்பியிருக்கும். உயிர்களின் கதையில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது நேரே வந்து என் கையை மணந்து, சொரசொரத்த நாக்கால் நக்கியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். நாலரை வருடத்தில் நான் கூப்பிட்டு என்னிடம் வந்த முதல் உயிர் அதுதான்.

"வீட்ட கொண்டு போங்க டீச்சர்" என்றான் மூர்த்தி. "அனுமதிக் கடிதம் ஒண்டு எடுத்தாப் பாதையில ஏத்தலாம். நான் கொண்டாந்து கட்டித் தாறன்."

எனக்கு ஆசை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பேராசையே வந்தது. நாவற்குடா வீட்டு மாமரத்தடியில் இவள் நிற்பாள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து கூப்பிடுவேன், திரும்பிப் பார்ப்பாள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் பற்றை மறுபடி அசைந்தது.

அவளுடைய கன்று. பால்குடி மறக்காத கிடாரி. நெற்றியில் கொம்பு இரண்டு முளைத்திருந்தது, இடது கொம்பு கீழே சாயத் தொடங்கியிருந்தது. தகப்பன் கள்ளியின் மகன்களில் ஒருவனாக இருக்க வேண்டும். தாய் நிற்கும் இடத்தை நோக்கிப் பாதித் தூரம் வந்து, நின்றது. போகவும் இல்லை, வரவும் இல்லை. தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. தாய் அமைதியாக நிற்பதைக் கண்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தது.

தாயை நான் கட்டிக்கொண்டு போனால் இந்தக் கன்று அவளுக்குப் பின்னால் மனிதரிடம் நடந்து வரப் பழகும். பட்டி போட்டு அடைத்தவர்களின் மாடுகள்தான் இப்போதும் முதலில் காணாமற் போகின்றன என்று மூர்த்தியே சொல்லியிருந்தான். யுத்தம்தான் முடிந்தது, துவக்குகள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. நாளைக்கு நாவற்குடாவிலோ இந்த வெட்டையிலோ வேறொருவன் நின்று கூப்பிட்டால் இந்தப் பாதித் தூரம் போதும், ஒரு வெடிக்கு.

குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தேன்.

"டீச்சர், என்ன செய்யிறீங்க?"

கன்றுக்கு எறிந்தேன். முன்னால் விழுந்து சிதறியது. துள்ளி விலகி மறுபடி நின்று தாயைப் பார்த்தது. தாய் அசையவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, தாய்க்கு எறிய வேண்டும். என் கையை நக்கியவளுக்கு, அந்தக் கையாலேயே எறிந்தேன். விலாவில் பட்டது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பயமில்லை, விளங்காத பார்வை. ஓடத் தெரியாதவள். ஓடத் தெரியாதவளாகத்தான் அவர் அவளைப் பொறுக்கியிருந்தார். "போ!" என்று கத்தினேன். "போ சனியனே, போ!" மூர்த்தியின் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி அவள் முதுகில் அடித்தேன். அடி அவளுக்கு, அலறல் என்னுடையது. தாய் அடிபடுவதைக் கண்ட கன்று திரும்பி ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் செவ்வந்தி நடந்தாள். எனக்குப் பயந்து அல்ல, கன்று போன திசைக்கு. நொண்டிக்கொண்டு போய் இலைகளுக்குள் மறைந்தாள்.

இது கூர்ப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அடித்து ஒரு வம்சத்தின் குணத்தை மாற்ற முடியாது. ஆனால் ஒரு கன்று தன் ஒரு ஆயுளுக்கு ஒரு பாடத்தைப் படிக்கலாம். படிப்பிக்கிறதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

கம்பை மூர்த்தியிடம் கொடுத்தேன். அவன் வாங்காமல் நின்றான், கண் கலங்கியிருந்தது.

"மூர்த்தி, இனிமே அந்தச் சத்தத்தப் போடாத. நீயும் போடக் கூடா, உன்ர பொடியன்களுக்கும் பழக்கக் கூடா."

"அப்ப மறுகா நீங்க வந்தா, இதுகள எப்பிடித் தேடுற?"

"தேட மாட்டன்" என்றேன். "ஒண்டும் வரத் தேவையில்ல. நிண்டாப் போதும்."