முட்டி வலி என்று சொன்னவள்

1

இந்தக் கதை எனக்கு முதுகுப் பக்கமாக வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். மற்றவள் அவள் நாத்தனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வயதில் எனக்குக் கதை காதில்தான் விழுகிறது.

"காது வலின்னு போனதுக்கே இளைச்சிட்டு வரச் சொன்னாங்க," என்றாள் இஸ்திரிக்காரி. "காதுல எத்தனை கிலோ இருக்கு எனக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கேட்டது அவ்வளவுதான். மீதி இட்டுக்கட்டியது.

2

'மலைபோல் அசைந்து அசைந்து அவள்' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். ஊரே அப்படித்தான் பார்க்கிறது, நானுமா?

இப்படி இருக்கட்டும்: தீட்டு நின்று மூன்று வருஷமான பிறகு அவளுக்கு மறுபடி ரத்தம் பட ஆரம்பித்திருந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி இதையே யாரிடமும் காட்டாமல் விட்டுப் போய்ச் சேர்ந்தவள். அந்தப் பயத்தில்தான் வந்திருந்தாள்.

சீட்டு போடுகிறவர் ஜன்னலுக்குள்ளிருந்து உரக்க என்ன தொந்தரவு என்று கேட்டார். பின்னால் நீள வரிசை, பாதி ஆண்கள். அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். நாத்தனார் முந்திக்கொண்டு, முட்டி வலி என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மறுகேள்வி இல்லை, எழுதிவிட்டார்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன, அத்தனை பேருக்கு நடுவுல அதையா சொல்றது? உள்ள போய் டாக்டரம்மாகிட்ட சொல்லிக்குங்க அண்ணி. உங்களைப் பார்த்தா முட்டியைத்தான் நம்புவாங்க."

(இந்த நாத்தனாரைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அரைநாள் கூலியை விட்டுத் துணைக்கு வந்தவள்.)

3

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவள் கையைச் சுற்றி எட்டவில்லை. பெரிய பட்டை இங்கே கிடையாது என்று நர்ஸ் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதினாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், உடம்பைப் பார்த்தார். நல்ல மாதிரிதான். எடையைக் குறைத்தால் முட்டி தானாகச் சரியாகும், தினமும் நடக்க வேண்டும் என்று பொறுமையாகவே சொன்னார், நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவளிடம்.

இங்கே அவளுக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன்: "நான் முட்டிக்காக வரலைங்கம்மா." சொல்ல மாட்டேன் என்கிறாள். எத்தனை முறை எழுதினாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்.

"சரிங்கம்மா."

4

ஒரு முடிவு: டாக்டரம்மா தானாகவே, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். எழுதி முடித்ததும் துக்கமாக இருந்தது. எனக்கு ஒரு நொடியில் கிடைத்த வரி, இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

இன்னொரு முடிவு: முட்டிக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அடுத்த வருஷம் அவளை

வேண்டாம்.

5

அதனால் அவளை டாக்டரம்மா அறை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். திரைச்சீலையைப் பிடித்தபடி திரும்பி, "அம்மா, இன்னொன்னு..." என்கிறாள். அதே நேரம் மணி அடிக்கிறது, அடுத்த ஆளுக்கு.

அடுத்த சீட்டு உங்களுடையது. காலையிலிருந்து காத்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஆயிரம் வேலை. அவளைத் தாண்டி உள்ளே போகலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அல்லது, "அவங்க பேசி முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவள் இன்னும் திரைச்சீலையை விடவில்லை.