வடிவம்மா சொன்ன மூன்று

முனாப் சேர் நீட்டிய ஆய்வறிக்கையின் தலைப்பைப் பஸ்லினா இரண்டு தடவை வாசித்தாள். ‘முனாப் தோள் வார்: நோவு பாதியாகக் குறைந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நோவு குறைந்ததாம். அப்படியானால் கோணம் எங்கே? புரட்டினாள். ஆறு மாதமாக அறுபது பெண்களின் தோளில் கோணமானியை வைத்து, கை எவ்வளவு உயர்கிறது என்று அவள் அளந்த அளவெல்லாம் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரியாகச் சுருண்டு கிடந்தது. ‘கை உயரும் கோணத்தில் கலப்பான போக்கு.’

கலப்பாவது, கத்தரிக்காயாவது. வார் கட்டிய முப்பது பேரில் இருபத்தொரு பேருக்குக் கை முன்னைவிடக் கீழே இறங்கியிருந்தது. சாதாரணப் பயிற்சி செய்த மற்ற முப்பது பேருக்கும் மெல்ல மெல்ல ஏறியிருந்தது. யாருக்கு வார், யாருக்குப் பயிற்சி என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. அளக்கிறவளுக்கு அது தெரியக்கூடாது என்பது இந்த வேலையின் முறை. போன வாரம் உறைகளைத் திறந்த பிறகுதான் பஸ்லினாவுக்கே எல்லாம் தெரிந்தது.

வார் முனாப் சேரின் சொந்தக் கண்டுபிடிப்பு. தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்துத் தோள் இறுகிப்போன பெண்களின் கையை மேலே இழுத்துக் கட்டி, நாளுக்கு ஒரு துளை கூட்டிக்கொண்டே போகும் தோல் பட்டி. அதன் கொக்கியில் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறிக்கவும் அவர் மறக்கவில்லை. கண்டி நகரில் பெரிய பிசியோதெரபி நிலையத்தின் சொந்தக்காரர், பஸ்லினாவின் பட்டமேற்படிப்புக்கு மேற்பார்வையாளர். அவர் கையெழுத்து வைத்தால்தான் அவளுக்குப் பட்டம்.

“சேர், பிரதான அளவு கோணம் எண்டுதானே திட்டத்துல எழுதிக் குடுத்தோம்?”

“அது ஆரம்பத்துல, மகள். அறிவு வளர்றப்ப மாத்திக்கிறதுல என்ன தப்பு ஈக்குது? நோவுதான் பேஷண்டுக்கு முக்கியம். நோவு கொறஞ்சிருக்கா இல்லையா? நீங்கதானே கேட்டு எழுதினீங்க.”

அதுதான் அவளைக் குத்தியது. பூச்சியத்திலிருந்து பத்துவரை கோடு போட்ட அட்டையை நீட்டி, ‘இன்டைக்கு நோவு எத்தனை?’ என்று வாரா வாரம் கேட்டவள் அவள்தான். ஏழு, எட்டு என்று தொடங்கியவர்கள் மூன்று, இரண்டு என்று இறங்கி வந்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். ஹந்தானைத் தோட்டத்து வடிவம்மாவின் கை நூற்றுப்பத்துப் பாகையிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு விழுந்த அதே நாளில், அதே தாளில், நோவு மூன்று என்று எழுதியிருக்கிறாள். கை முடங்க முடங்க நோவு குறையுமா என்று ஒரு தடவையாவது கேட்டாளா? கேட்கவில்லை. படித்த முட்டாளுக்குத்தான் முட்டாள்தனம் வரிசையாக வரும்.

அடுத்த வியாழன் நிதி தரும் நிறுவனத்து ஆட்கள் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் தலையசைத்தால் வார் நாற்பது தோட்டங்களுக்குப் போகும். முன்மாதிரி நோயாளி என்று அவர்கள் முன்னால் நிறுத்த முனாப் சேர் தெரிவு செய்திருந்தது வடிவம்மாவை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்லினா தன் ஊரான கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் முச்சக்கர வண்டி பிடித்து ஹந்தானைக்குப் போனாள். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் வடிவம்மா பலகையில் உட்கார்ந்திருக்க, மகள் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்குத் தன் தலையைத் தானே சீவ முடியவில்லை.

“வாங்க மிஸ்ஸி. லீவு நாள்லயும் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்களே.” எழுந்து கதிரையைத் துடைத்தாள், இடது கையால்.

“அக்கா, கை இப்படி ஈக்கிறப்ப நோவு மூணு எண்டு ஏன் சொன்னீங்க?”

வடிவம்மா சிரித்தாள். தப்புச் செய்து பிடிபட்ட சிரிப்பு.

“என்னத்தச் சொல்றதுங்க. நீங்க ஒவ்வொரு வாரமும் பஸ்ஸுல வந்து, குனிஞ்சு நின்னு, ‘கொறஞ்சிருக்கா அக்கா’ன்னு மொகத்தப் பாத்துக் கேக்குறீங்க. எட்டுன்னு சொன்னா ஒங்க மொகம் வாடிப்போவுது. மூணுன்னா மலருது. நமக்காக ஒழைக்கிற புள்ளைய ஏன் சங்கடப்படுத்தணும்? நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டோம்.”

அறுபது தாள்களிலும் பஸ்லினா எழுதி வைத்திருந்தது நோவு இல்லை, இவர்களுடைய மரியாதை.

“சரி, உண்மையில எத்தனை?”

“வேணாம் மிஸ்ஸி. இப்பப் போயி மாத்திச் சொன்னா அந்த ஐயா என்ன நெனப்பாரு.” சற்றுத் தயங்கிவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவள்போலக் கேட்டாள். “பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டருக்குக் காட்ட ஒரு கடுதாசி மட்டும் கெடைக்குங்களா? தோட்டத்து டிஸ்பென்சரியில, நீ ஆராய்ச்சியில இருக்க, அவங்ககிட்டயே வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. ஐயாகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். பொறகு பாப்போம்னாரு. இந்தக் கை இல்லாட்டி எனக்கு மலையில பேரும் இல்ல, நாள்கூலியும் இல்லைங்க.”

திங்கட்கிழமை பஸ்லினா முனாப் சேரின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நோவுக் கணக்கு முழுவதும் பொய், அந்தப் பெண்கள் நம் மனம் நோகக்கூடாது என்று சொன்னது, வடிவம்மாவுக்கு இன்றே கடிதம் எழுத வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தாள். அவர் தேநீரை ஆற்றிக் குடித்தார்.

“எனக்குத் தெரியாதா மகள்? இருவது வருஷமா இந்தத் தொழில்ல ஈக்கிறன். டவுன் ஆள்கள வச்சுப் பாருங்க, தொட்டதுக்கெல்லாம் முறைப்பாடு. தோட்டத்துச் சனம் வாய் திறக்காது. அதுக்காகத்தானே ஹந்தானையத் தெரிவு செஞ்சேன்.” கோப்பையைக் கீழே வைத்தார். “கடிதம் வியாழக்கிழமைக்குப் பொறகு. இப்ப எழுதினா, சிகிச்சையால பாதிப்பு எண்டு நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி ஆகும். ஒங்கட பட்டத்தையும் யோசிங்க.”

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். பஸ்லினா வெளியே வந்து குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவரைப் பார்த்து வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே இருந்தது. மலர்ந்த முகத்தைக் காட்டி அந்த மூன்றுகளை வாங்கிக் கொடுத்தது யார்?

வியாழக்கிழமை நிலையத்தின் மேல்மாடியில் பூச்சாடி, பட்டிஸ் தட்டு, மைக் எல்லாம் தயார். நிறுவனத்திலிருந்து வந்த மூவருக்கும் தலைமை ஜெயராணி என்ற யாழ்ப்பாணத்து அம்மா. வடிவம்மா நல்ல சேலை கட்டி, ஈரம் காயாத கொண்டையுடன் சுவரோரம் நின்றாள். முனாப் சேர் அரைமணி நேரம் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அரைமணி போதும் என்று அன்றுதான் பஸ்லினா கண்டாள்.

“எப்பிடி அம்மா இருக்கு இப்ப?” ஜெயராணி கேட்டார்.

“சொகமா இருக்குங்கம்மா. ஐயா புண்ணியத்துல.”

எல்லோரும் கை தட்டினார்கள். சட்டம் போட்ட நன்றிப் பத்திரம் ஒன்றை ஜெயராணி நெஞ்சு உயரத்தில் நீட்டினார். வடிவம்மா வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். இடது கையை அதன் முழங்கைக்கு அடியில் கொடுத்து, லேசாகக் குனிந்து, அதை வாங்கிக்கொண்டாள்.

“பாருங்கோ, என்ன பண்பு. வலது கையாலை வாங்கி, மற்றக் கையாலை தாங்கி. எங்கட பிள்ளையளிட்டை இப்ப இந்த மரியாதையைக் காணேலாது.”

முனாப் சேரும் “மலைநாட்டு மக்கள் அப்படித்தான் மேடம்” என்று தலையாட்டினார். அந்த இடது கை மரியாதைக்காகப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். செத்துக் கிடந்த வலது கையை அது தூக்கிக்கொண்டுபோயிருக்கிறது. தெரிந்துகொண்டே தலையாட்டுகிறார். பஸ்லினாவுக்குப் பட்டம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அது சாக்கடையில் கிடந்த காகிதமாகத் தெரிந்தது.

அவள் முன்னால் போனாள்.

“அக்கா, என்னய மன்னிச்சிக்கோங்க. அந்த இடது கைய எடுங்க.”

வடிவம்மா முனாப் சேரைப் பார்த்தாள். பிறகு பஸ்லினாவைப் பார்த்தாள். மெல்ல இடது கையை எடுத்தாள். வலது கை பொத்தென்று தொடையோரம் விழுந்தது. பத்திரம் தரையில் பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டது.

“ஐயோ, கை தவறிப்போச்சுங்கம்மா” என்று குனியப் போனவளைப் பஸ்லினா பிடித்து நிறுத்தினாள். கோட்டுப் பையிலிருந்த கோணமானியை எடுத்தாள். “உயர்த்துங்க அக்கா, முடிஞ்ச அளவு.” வைத்துப் பார்த்தாள். “ஐம்பத்திரெண்டு. வார் கட்ட முந்தி நூற்றுப்பத்து. இவங்களோட இன்னும் இருவது பேருக்கு இப்படித்தான். இந்தத் தாள்ல அது இல்ல, மேடம்.”

“பஸ்லினா, நீங்க போய் ஒங்கட அறையில இருங்க” என்றார் முனாப் சேர்.

ஜெயராணி சட்டத்தைத் தானே குனிந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, “ஆரம்பத்திலை குடுத்த திட்டமும், எல்லாற்றை அளவுகளும் எனக்கு இப்ப வேணும்” என்றார். “முழுசா வேணும். வாங்கோ மிஸ்டர் முனாப், எடுத்துத் தாங்கோ.” அவர் முன்னால் நடக்க, முனாப் சேர் பின்னால் போனார். மற்ற இருவரும் பட்டிஸைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

பஸ்லினா மேசையில் உட்கார்ந்து பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, தோட்டம், எத்தனை வாரம் வார் கட்டியது, கோணம் ஐம்பத்திரண்டு. நோவு என்ற இடத்தில் பேனா நின்றது. இந்தத் தடவை அவள் வடிவம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எத்தனை போடட்டும் அக்கா?”

வடிவம்மா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ஐயா போயிட்டாருங்களா?”

“போயிட்டார்.”

“அப்ப ஒம்பது போடுங்க.”