என்னை எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டும்

1

இந்தக் கதை ஒரே ஒரு பேச்சிலிருந்து வந்தது. உள்ளாட்சி மாநாட்டின் தேநீர் வரிசையில் நின்ற ஒரு பெண், தன்னோடு இருபது வருஷமாக முட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனிடம் சொன்னாள்: “கெஞ்சிக் கேக்குறேன், என்னை எதிர்த்துப் பேசு.” பின்னால் நின்ற எனக்குப் புல்லரித்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு, கிடைத்த காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

(எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். ஆஸ்திரேலியா என்பதோடு விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயர்கள் நான் வைத்தவை. கதையில் வரும் சாலை விதியும் நான் போட்டதுதான். திங்கட்கிழமை மருந்துக்கடையைத் திறந்து இவர்கள் முகத்திலேயே முழிக்க வேண்டியவன் நான்.)

2

முதல் தொடக்கம்: மல்காராவின் செம்மண்மீது மாலைச் சூரியன் மெல்ல —

வேண்டாம். செம்மண்ணையும் சூரியனையும் சுற்றுலா வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது தொடக்கம்: உள்ளாட்சி அமைப்புகள் தமக்கு மேலுள்ள அரசிடம் கொள்கை மாற்றம் கோரும் வழிமுறைகளுள் முதன்மையானது —

நானே தூங்கிவிடுவேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மல்காராவின் நடுவே நெடுஞ்சாலை போகிறது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் நீச்சல் குளம். நடுவில் மாடு ஏற்றிய லாரிகள் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு பறக்கும். ‘மெதுவாகச் செல்’ என்று ஒரு பலகை நட, நானும் உறுப்பினனாக இருக்கும் எங்கள் கவுன்சிலுக்கு அதிகாரம் கிடையாது. சாலை மாநில அரசுடையது. மாநிலத்தைக் கேட்டால் விதியைக் காட்டுகிறது. அந்த இடத்தில் விபத்தில் ஆள் செத்திருந்தால்தான் வேகத்தைக் குறைப்பது பற்றி யோசிப்பார்களாம். எங்கள் ஊரில் இதுவரை யாரும் சாகவில்லை. ஆகையால் எங்களுக்குத் தகுதி போதவில்லை.

துணை மேயர் கிளெனிஸ்தான் பள்ளிப் பேருந்தும் ஓட்டுகிறாள். போன கோடையில் இமொஜன் என்கிற ஒரு வாண்டு சாலையைக் கடக்கும்போது, பறந்துபோன லாரியின் காற்று அவள் தோளில் இருந்த நீச்சல் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. சக்கரத்தில் சுற்றி, நார் நாராகப் போனது துண்டுதான். கிளெனிஸ் பேருந்தை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

3

ஒரு சின்னத் தகராறு. துணை மேயரை ‘அவர்’ என்று எழுதுவதா, ‘அவள்’ என்று எழுதுவதா? ‘அவர்’ போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிளெனிஸுக்குக் கோட்டு மாட்டிவிட்டது போல இருந்தது. குலசேகரன் என்கிற என்னை ‘கூல்’ என்று சுருக்கி ஊரையே கூப்பிட வைத்தவள் அவள். அவளுக்கு ‘அவள்’ போதும்.

4

மாநாடு என்பது இதுதான்: எல்லாக் கவுன்சில்களும் வருஷத்துக்கு ஒரு முறை கூடும். ‘மாநில அரசு இந்த விதியை மாற்ற வேண்டும்’ என்று ஆளுக்கொரு தீர்மானம் கொண்டுவரும். பச்சை அட்டை தூக்கினால் ஆதரவு, சிவப்பு தூக்கினால் எதிர்ப்பு. நிறைவேறியவை மொத்தமாக மாநிலத்துக்குப் போகும். பெரும்பாலும் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும். அந்த நாலு எழுத்துக்குப் பிறகு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

[‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ நாலு எழுத்து இல்லை என்று எனக்கும் தெரியும். எரிச்சலில் எண்ணத் தோன்றவில்லை.]

இந்த முறை விசேஷம் என்னவென்றால், சாலைத் துறை அமைச்சரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அன்று காலை மட்டும். கிளெனிஸுக்கு அவர் முன்னால் பேச இரண்டு நிமிஷம். அதற்காகக் காலிப் பேருந்தில் பேசிப் பேசிப் பழகியிருந்தாள். அதோடு விட்டாளா? மாசக்கணக்கில் ஒரு கவுன்சில் விடாமல் போன் போட்டு ஆதரவு கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் மாநாட்டுத் தலைவி அவள் முதுகில் தட்டினாள். “உன் தீர்மானத்துக்கு எதிர்ப்பே இல்ல. நீ பேசவே வேண்டியதில்ல, கிளெனிஸ். நேரா ஓட்டுத்தான்.”

எதிர்ப்பவர் இல்லையென்றால் பேச்சு இல்லை. இந்த மாநாட்டின் வழக்கம் அது. அமைச்சர் காதில் ஒரு சொல்லும் விழாமல் தீர்மானம் ஜெயித்துவிடும். கிளெனிஸின் முகம் செத்துப்போனது.

5

பக்கத்துக் கவுன்சிலான பின்டூரியின் மேயர் டார்சி, தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் தட்டின் பக்கத்தில் நின்றிருந்தான்.

“டார்சி, உன்னால ஒரு காரியம் ஆகணும்.”

“ரோடு போடுற கிரேடரைத் திருப்பித் தர்றேன்னு சொல்லிட்டேன்ல. மாநாட்டுலயுமா?”

“கிரேடரைத் தூக்கி ஆத்துல போடு. என்னை எதிர்த்துப் பேசு.”

“வருஷம் பூரா அதைத்தானே பண்றேன்.”

“தீர்மானத்துல, டார்சி. யாரும் எதிர்க்கலன்னா என்னைப் பேச விடமாட்டாங்க. கெஞ்சிக் கேக்குறேன், என்னை எதிர்த்துப் பேசு.”

டார்சி மென்று முடித்தான். மீசையெல்லாம் தேங்காய்த் துருவல். “தாயே, எங்க ஊர் வழியாவும் அதே லாரிதான் போகுது. எந்த வாயால எதிர்க்கிறது?”

“பொய் சொல்றது என்ன உனக்குப் புதுசா? நாலு எலெக்‌ஷன் ஜெயிச்சிருக்க.”

“அஞ்சாவது வர்ற மாசம். பேப்பர்க்காரன் உள்ள உக்காந்திருக்கான். ‘பிள்ளைங்க உயிர் முக்கியமில்ல, மேயர் பேச்சு’ன்னு போடுவான். அப்ப எங்க ஜனங்ககிட்ட நீ வந்து சொல்லுவியா, நான் கேட்டுக்கிட்டதாலதான் பேசினான்னு?”

“வீடு வீடா வந்து சொல்றேன்.”

“உன்னை எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் பிடிக்காது.”

“அது தெரியும். அப்பவும் வருவேன்.”

(டார்சியை முதல் வரைவில் வில்லனாக எழுதியிருந்தேன். அந்த மீசைத் துருவலைப் பார்த்த பிறகு முடியவில்லை.)

6

“மல்காரா தீர்மானம்,” என்றாள் தலைவி. “எதிர்த்துப் பேச யாராவது?”

ஒருவரும் எழவில்லை. கிளெனிஸ் டார்சி பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும். அமைச்சர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவி ஓட்டுக்கு அழைக்க வாயைத் திறந்தாள்.

டார்சி எழுந்தான்! சிவப்பு அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தான்.

“தலைவர் அவர்களே, நான் எதிர்க்கிறேன். விதி சரியாத்தான் இருக்கு. மல்காராவுல இன்னும் பிள்ளை ஒண்ணும் சாகல. செத்ததும் வரட்டும், செஞ்சு கொடுப்போம். அதுவரைக்கும் அவங்க பொறுமையாக் காத்திருக்கலாம்.”

உட்கார்ந்துவிட்டான். விதியில் இருந்ததைத்தான் சொன்னான், ஒரு சொல் கூட்டவில்லை. “வெக்கமா இல்லையாய்யா உனக்கு?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பேப்பர்க்காரன் மடமடவென்று எழுதினான். அமைச்சர் தலையை நிமிர்த்தினார்.

இப்போது கிளெனிஸுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்துவிட்டது. பழகி வைத்த பேச்சு அவளுக்கு மறந்தே போயிற்று.

“நான் பஸ் ஓட்டுறவ. எங்க பிள்ளைங்க எல்லார் பேரும் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதானே? எந்தப் பேர்னு அமைச்சர் சொல்லட்டும். நான் போய் அவங்க அம்மாகிட்டச் சொல்லிடுறேன்.”

7

முடிவுகள்.

அ. அமைச்சர் எழுந்து, விதியை மாற்றுவதாக அங்கேயே —

ஆ. ‘கவனத்தில் கொள்ளப்பட்டது.’

இ. டார்சி தேர்தலில் தோற்கிறான். மல்காராவில் பலகை நடுகிறார்கள். கிளெனிஸ் கிரேடரை அவனுக்கே —

மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை படித்தீர்கள், கிளெனிஸ் பக்கம்தான் இருப்பீர்கள், ‘நல்ல கதை’ என்று தலையாட்டுவீர்கள். எதிர்ப்பு இல்லாமல் கதை நிறைவேறிவிடும். ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது.

அதனால் நானும் கெஞ்சிக் கேட்கிறேன். யாராவது எழுந்து, ‘விதி சரிதான், ஒரு பிள்ளை சாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் குரலை நீங்களே கேளுங்கள். அப்புறம் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

சீக்கிரம் ஆகட்டும். மல்காராவில் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இமொஜன் சாலையோரம் வந்து நிற்கிறாள்.