முள் ஏறாத போன்

அண்ணன் வீடியோவில் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் வாஷிங் மெஷினை நிறுத்த வேண்டும். அது ஓடினால் நெட்டை இழுத்துவிடும் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. நான் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். "ரெண்டும் கரண்டுல தானடி ஓடுது?" என்பாள். போன் பேட்டரியில் ஓடுகிறது என்றால், "அந்த பேட்டரிக்கு எங்கேருந்து வருதாம்?" என்று மடக்குவாள். ஆக, பாதி துவைத்த துணி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கும். என் போனையும் அணைத்து வைத்துவிட வேண்டும். அதற்குள் அவள் தலையை வாரி, அண்ணன் அனுப்பிய தொங்கட்டானைக் காதில் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் டவர் தெரியும். டவருக்குத் தன் முகம் தெரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "சொல்லுப்பா" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அப்படியொரு குரலை எனக்கென்று அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. எனக்கு எப்போதும் "சொல்லித் தொலை" தான்.

அம்மாவின் போன் அண்ணன் கழித்துப் போட்டது. வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, புதுசை எடுத்துக்கொண்டு பழசை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போய் வருஷக்கணக்காகிறது. ஒரு முறை வந்தான், கல்யாணத்துக்கு. அவன் கல்யாணத்துக்குத்தான்.

அந்தப் பழைய போனில் அவன் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பின்னால் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஏதோ ஒன்று இருக்கும். அம்மா அதை முகம் பார்க்கும் கண்ணாடி என்று முடிவு செய்திருந்தாள். என்ன சாப்பிட்டாய், அங்கே குளிரா, தலையில் ஏன் எண்ணெயே வைப்பதில்லை, மருமகள் எங்கே என்பது வரைக்கும் பேச்சு நன்றாகத்தான் போகும். கடைசியில் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த டாக்டர் மறுபடியும் கேட்டார்பா, நீ எப்ப வர்றேன்னு சொன்னா..." என்று ஆரம்பிப்பாள். அவ்வளவுதான், அண்ணன் அப்படியே நின்றுவிடுவான். வாய் பாதி திறந்திருக்கும், கண் இமைக்காது. ஒரு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். "பெரியவனே, கேக்குதா? ஏய், அவன் நின்னுட்டான்டி!" என்று அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டுவாள். பிறகு துண்டித்துப்போகும். கொஞ்ச நேரம் கழித்து, நெட் சரியில்லம்மா, அப்புறம் கூப்பிடறேன் என்று மெசேஜ் வரும்.

"பாவம், ஏதோ சொல்ல வாயெடுத்தான், பாத்தியா?" என்பாள் அம்மா. "வரேம்மான்னு தான் சொல்ல வந்திருப்பான். இந்தப் பாழாப்போன போனு விழுங்கிடுச்சு."

அண்ணன் மேல் எனக்கு ஆயிரம் கடுப்பு உண்டு. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் நானும் போனைத்தான் திட்டினேன்.

டாக்டர் கேட்டது அம்மாவின் வயிற்றில் இருக்கும் கட்டியைப் பற்றி. இப்போது எடுத்தால் சின்ன விஷயம், தள்ளிப்போட்டால் சின்ன விஷயமாக இருக்காது என்று என்னிடம் தனியாகவும் அம்மாவிடம் நேராகவும் சொல்லியிருந்தார். அம்மா கேட்டால்தானே? "அவன் வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் படுப்பேன்" என்று ஒரே பிடிவாதம். மயக்க மருந்து கொடுக்கும்முன் அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். அப்போ நான் யாராம்? பக்கத்துல நின்றுகொண்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும்போது வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேனே, நான் யார்? கேட்கவில்லை. கேட்டால், "உனக்கென்னடி, நீ இங்கதான இருக்க" என்பாள். இங்கேயே இருப்பதுதான் நான் செய்த தப்பு.

புது போன் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் சொல்லும் ஒரு தேதிக்காகத்தானே இவ்வளவும்? அந்தத் தேதி தடங்கலில்லாமல் அம்மா காதில் விழட்டும், பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போயாவது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. சரியான பவரில் கண்ணாடி வாங்கிப் போனவர்களில் சிலர் மறுநாளே சண்டைக்கு வருவார்கள். வீட்டுச் சுவரெல்லாம் அழுக்காகத் தெரிகிறதாம், பழசே தேவலையாம். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழுக்கு உன் சுவரில் இருந்தால் நான் என்னய்யா செய்வது?

போன் கடையில் கூட்டமில்லை. கவுன்டரில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் மெத்தென்று ஒரு துண்டுத் துணி. பேசும்போதெல்லாம் கண்ணாடிப் பரப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேமரா, மெமரி என்று ஆரம்பித்தவளை அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம்மா. நெட்டு எதுல வேகமா வரும்? என் பையன் நடுவுல நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

கடைப்பெண் சிரித்துவிட்டு மூன்று போன்களை வரிசையாக வைத்தாள். விலை குறைந்தது, நடுத்தரம், உசத்தி. அம்மாவின் சிம்மையே ஒவ்வொன்றிலும் மாற்றிப் போட்டுச் சோதித்துக் காட்டினாள். திரையில் பைக் மீட்டர் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். முதல் போனில் முள் சோம்பலாக எழுந்து, கால் வட்டம் கூடப் போகாமல் படுத்துவிட்டது. இரண்டாவதில் பாதி வரை போனது. மூன்றாவதில் சர்ரென்று கோடி வரைக்கும் போய் அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது. அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"இது டவுன்லோடு, அவர் பேசறது உங்களுக்கு வர்றது. இந்தச் சின்னது அப்லோடு, நீங்க பேசறது அவருக்குப் போறது" என்றாள் கடைப்பெண்.

"போறது எப்பவும் கம்மியாத்தான் இருக்குமா?"

"ஆமாம்மா. எல்லா போன்லயும் வர்றதுதான் அதிகம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தலைகீழ் என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"முள்ளெல்லாம் யார் வேணா ஏத்தலாம்" என்றாள் அம்மா. "ஒரு தடவ அவன்கிட்டயே பேசிப் பாக்கறேன். இன்னைக்கு அவனுக்கு லீவுதான்."

உசத்தி போனைத் தாங்கியில் சாய்த்து வைத்துக் கடைப்பெண் அழைத்துக் கொடுத்தாள். அண்ணன் வந்தான். அடடா, என்ன துல்லியம்! அவன் தாடியில் நரை விழுந்திருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இளைச்சுட்டியேப்பா!" என்றாள். அவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் வட்டம், கண்ணாடி கிடையாது. வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கதவு வைத்த ரகம். உள்ளே ஒரு சிவப்புச் சட்டை மேலே ஏறி ஏறித் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டு மெஷினா அது?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். "ஓடும்போதே எப்டிப்பா உனக்கு நெட்டு வருது?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அவன் சிரித்தான். நல்ல நாள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பெரியவனே, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கணும். நீ எப்ப வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிடுப்பா."

அண்ணன் நின்றான்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. அதே முகம், நாங்கள் எத்தனையோ தடவை பார்த்துப் பார்த்துப் பழகிய முகம். பின்னால் சிவப்புச் சட்டை மேலே ஏறியது, விழுந்தது. மறுபடி ஏறியது. இத்தனை நாள் லைன் இரைச்சல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மெஷினின் சத்தம். அண்ணனின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், தடியன். சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது கதவுக்குப் பின்னால் இப்படித்தான் நிற்பான்.

அம்மா "கேக்குதா" என்று கத்தவில்லை. போனைத் தூக்கவில்லை. ஒரு விரலை நீட்டி, அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். சட்டை சுற்றுவதற்கு ஏற்ப விரல் லேசாக நகர்ந்தது. கடைப்பெண்ணும் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சட்டென்று குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி, "அடேய், உன் துணி சுத்துதுடா!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தும் விட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நோயாளியின் பிடி இல்லை அது, வலித்தது.

அண்ணன் துண்டித்தான். சொல்லி வைத்தது போல மெசேஜ் வந்தது. நெட் சரியில்லம்மா.

"கடைக்குள்ள சில சமயம் சிக்னல்..." என்று கடைப்பெண் இழுத்தாள். நல்ல பெண்.

"அந்த மொத போனையே குடும்மா" என்றாள் அம்மா.

"அம்மா, அதுலதான் வேகம் கம்மி. முள்ளே ஏறல, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதான் வேணும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்பவாவது புரிஞ்சுதா உன் புள்ளையோட லட்சணம்?" என்றேன். அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, போன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தாள். பஸ் வரும் நேரத்தில், "டாக்டர்கிட்ட தேதி வாங்கிடு. நீ வந்தா போதும்" என்றாள். நீ வந்தா போதும். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்? வந்தபோது மிச்சச் சோறு மாதிரி வந்தது. வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். வழக்கம் போல நான் எழுந்து மெஷின் பக்கம் போனேன்.

"ஓடட்டும் விடு" என்றாள் அம்மா.

தலையை வாரிக்கொண்டாள். தொங்கட்டானையும் மாட்டிக்கொண்டாள். ஸ்டூலை ஜன்னலுக்குக் கொண்டுபோகவில்லை, மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கதவோரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பை கட்டித் தயாராக இருந்தது. திரையில் அண்ணன் கட்டம் கட்டமாக வந்தான். பின்னால் சாம்பல் வட்டம், கண்ணாடியாகவும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம்.

"என்னம்மா, புது போனுன்னு சொன்ன, பழசே தேவல போலிருக்கே? ஒண்ணுமே தெரியல."

"இங்க டவர் சரியில்லப்பா" என்றாள் அம்மா.

அதைக் கேட்டதும் அவன் குரலில் வந்த தெம்பு இருக்கிறதே! ஆபீஸ் கதை, மருமகளின் தம்பி கதை, பனி கொட்டிய கதை என்று அளந்து தள்ளினான். அம்மா "ம்", "அப்படியா", "அடப்பாவமே" என்று சரியான இடங்களில் சரியாகச் சொன்னாள். எப்போதும் கேட்பதைக் கேட்கவே இல்லை. கேட்காமல் போனது அவனுக்கே உறுத்தியதோ, தைரியம் கொடுத்ததோ தெரியாது, கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

"ஆமா, அந்த ஆபரேஷன் என்னம்மா ஆச்சு? தள்ளிப் போட்டுட்டியா? நா வேணா..."

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது.

என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தவள், அவள் கண்ணைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கண் இமைக்கவில்லை. விளிம்பில் நீர் கட்டி நின்றது, வழிய விடவில்லை. போனுக்குக் கீழே, அவனுக்குத் தெரியாத இடத்தில், அவளுடைய இன்னொரு கை புடவையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

"அம்மா? ஹலோ? கேக்குதா? அம்மா, நின்னுட்ட பாரு... அம்மா?"

மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்து தடதடவென்று குதிக்க ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது, ஸ்டூல் அதிர்ந்தது. அம்மா அசையவில்லை. காதில் அந்தத் தொங்கட்டான் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.