இரவு உத்தரவு

தலைவலி மாத்திரை தேடி அப்பாவின் சவரப் பையைத் துழாவியவளின் கையில் எட்டாக மடித்த ஒரு தாள் சிக்கியது. பிரித்துப் படித்ததும் தலைவலியே மறந்துபோயிற்று.

ஒரு மணி வரை புரண்டு பார்த்தாள். பிறகு எழுந்து கூடத்துக்கு வந்தாள். படகு கவிழ்ந்த வழக்கில் நாளைய விசாரணைக்காக அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"கத்துறதுக்கு எனக்கு எங்கடி தெம்பு? சொல்லு."

தாளை நீட்டினாள். அம்மா படிக்கவில்லை, பார்த்ததுமே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவுக்கு முன்பே தெரியும் என்று அப்போதே மகளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

அப்பா சரக்குக் கப்பல் கேப்டன். தினமும் படுக்கப் போகுமுன் ஒரு புத்தகத்தில் இரவு உத்தரவை எழுதிவைப்பார். காவலில் நிற்கும் ஆபீஸர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாகக் கடைசி வரி மாறியதே இல்லை: சந்தேகம் வந்தால் எந்த நேரமும் என்னை எழுப்பு. அவள் குழந்தையாக இருந்தபோது கெட்ட கனவுக்கும் அவர் அதே சட்டம்தான் வைத்திருந்தார். கதவைத் தட்டினால் போதும், எழுந்து வருவார்.

இந்தப் பக்கத்தில் கடைசி வரி வேறு: சின்னப் படகுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டாம். என்னை எழுப்பவும் வேண்டாம்.

கீழே மூன்றாவது ஆபீஸரின் கோணல் கையெழுத்து. ஒல்லி உடம்புக்காக அப்பா அவனுக்கு வைத்த பெயர் குருவி. அன்றிரவு குருவி இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடுவதைப் பார்த்தான். பயத்தோடு வேகத்தைக் குறைத்தான். இருபது நிமிஷம் தவித்தான். பிறகு உத்தரவை மறுபடி படித்துவிட்டுப் பழைய வேகத்தில் போய்விட்டான். விடிவதற்குள் அந்த அகதிப் படகு கவிழ்ந்தது. எழுபது பேரில் பதினோரு பேர்தான் கரை சேர்ந்தார்கள். எழுப்ப வேண்டாம் என்று கேப்டனே எழுதியிருந்தார் என்று குருவி சொன்னான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே காணோம்.

"கம்பெனி வக்கீல்தான் கிழிக்கச் சொன்னாரு" என்றாள் அம்மா. "கடல்ல போடுய்யான்னா, மனுஷன் பொத்திப் பொத்தி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காரு."

"அப்ப குருவியண்ணன் ஜெயிலுக்குப் போகணுமா?"

"அவன் கல்யாணம் ஆகாதவன். சமாளிச்சுக்குவான்."

"குருவி தலையில பனங்காயை வச்சுட்டு, நீ சட்டைக்கு மடிப்பு எடுக்கறே!"

"மெதுவா பேசுடி! போன தடவை அறுபத்தோரு அகதிகளைக் காப்பாத்தினாரே, எவன் பாராட்டினான்? பத்தொன்பது நாள் ஒரு துறைமுகமும் உள்ளே விடல. கம்பெனி அவரைக் குற்றவாளி மாதிரி நிக்க வச்சுது. எனக்கு ஆபரேஷன் அன்னிக்கு யாருடி கையெழுத்துப் போட்டா?"

"நான்தான்."

அதுதான் முள். பதினைந்து வயதில், ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவள் போட்ட கையெழுத்து. அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. அடுத்த பயணத்தில் அப்பா போன் பண்ணியபோது கொட்டித் தீர்த்துவிட்டாள்: "இந்தத் தடவையாவது நேரா வீட்டுக்கு வாங்க. எவன் கையைக் காட்டினாலும் நிறுத்தாதீங்க. ஊரான் உசிருதான் உங்களுக்குப் பெருசு." அவர் போனை வைத்துவிட்டார்.

தாளின் மேல் அவர் போன் பண்ணிய அதே தேதி.

"நான் சொன்னதாலதாம்மா எழுதியிருக்காரு. அம்பத்தொம்பது பேரும்மா."

அம்மா அவளை இழுத்து அணைத்தாள். "அதனாலதான் சொல்றேன், யாருக்கும் தெரிய வேணாம். கொடு இப்படி."

தாளைப் பிடுங்க அம்மாவின் கை நீண்டபோதுதான் மகளின் பயம் கோபமாக மாறியது. விலகினாள். தாளை இஸ்திரி மேசையில் விரித்துப் போனில் படம் எடுத்தாள். குருவியின் எண் அவளிடம் இருந்தது. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கப்பலிலிருந்து பாட்டுப் பாடி அனுப்புகிறவன். படத்தை அனுப்பினாள். அரை நிமிஷத்தில் அவன் பார்த்துவிட்டான். அவனுக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது.

"குடும்பத்தையே குழியில தள்ளிட்டியேடி பாவி!" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் நேராகப் போய் அப்பாவின் கதவைத் தட்டினாள். ஒரு தட்டுக்கே திறந்தது. உடைகூட மாற்றாமல், படுக்காமல் இருந்தார்.

"என்னடா கண்ணு, கனவா?"

தாளைக் காட்டினாள். அவர் முகம் சாம்பலானது.

"குருவியண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பிட்டேன்."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "நீதானேம்மா நிறுத்தாதீங்கன்னு சொன்னே?"

எதிர்பார்த்த அடிதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, சொன்னேன். சாகுற வரைக்கும் அது என்னை உறுத்தும். ஆனா எனக்குப் பதினஞ்சு வயசுப்பா. கப்பலுக்குக் கேப்டன் நானா, நீங்களா?"

அவர் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப என்னை என்னதான் பண்ணச் சொல்றே?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அதையும் நானே சொல்லணுமா?"

தாளை அவர் மடியில் போட்டாள். கூடத்துக்குப் போய் இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.